இத்தாலி மொழியில் பெண் கேட்டது

மகன் வெளிநாட்டுப் பெண்ணைக் காதலித்ததற்காக அந்தோணி மேரிக்குக் கோபம் வரவில்லை. பெண் கேட்கப் போக வேண்டியதில்லை என்று அவன் சொன்னான் பாருங்கள், அதற்குத்தான் வந்தது.

"இன்னாத்துக்குமா பொண்ணு கேக்கணும்? அதான் ஜூலியாவே சரின்னுட்டாளே. இங்க முனிசிபாலிட்டில போய்ப் பதிவு பண்ணிட்டு, அப்புறமா ஊருக்கு வந்து கோவில்ல சாமியார வெச்சு மந்திரிச்சுக்கலாம்" என்றான் பிரிட்டோ, போனில், ஏதோ பஸ்ஸைப் பிடிக்க ஓடிக்கொண்டே.

"பொண்ணு கேக்காம இட்டுக்கினு வர்றதுக்குப் பேரு வேறடா" என்று சொல்லிவிட்டு அவள் போனை வைத்தாள்.

வில்லியனூரிலிருந்து ஒதியம்பட்டு போகிற சாலையில் அவர்கள் வீடு. முன்னறையில் அந்தோணி மேரியின் தையல் மெஷின். தெருப் பெண்களின் ரவிக்கையெல்லாம் அவள் கையில்தான். கணவர் தனிஸ்லாஸ் கரும்பு வைத்திருக்கிறார். வெட்டில்லாத நாளில் ஊரில் யாருக்கு மோட்டார் ஓடவில்லை என்றாலும் போய்க் கழற்றிப் பார்ப்பார். ஒரே பிள்ளை பிரிட்டோ. இத்தாலியில் துரின் என்ற ஊருக்குப் படிக்கப் போனவன், படிப்பை முடித்து, வேலையைத் தேடிக்கொண்டு, ஜூலியாவையும் தேடிக்கொண்டான்.

அந்தத் தெருக் கிறிஸ்தவர்களுக்குக் கல்யாணம் கோவிலில் தொடங்குவதில்லை, பெண் வீட்டில்தான் தொடங்குகிறது. மாப்பிள்ளையைப் பெற்றவள் பெண்ணைப் பெற்றவள் எதிரில் உட்கார்ந்து, தன் வாயால் கேட்க வேண்டும். "குடுக்குறோம்" என்று அவர்கள் சொல்கிற வரைக்கும் அந்த வீட்டில் கை நனைக்கக் கூடாது. காப்பி ஆறிப்போனாலும் அப்படியே இருக்கும். அதற்குப் பிறகுதான் ஒப்பந்தம், இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று கோவிலில் ஓலை வாசிப்பு, மற்றதெல்லாம். பெண் கேட்காத தாய்க்குக் கல்யாணத்தில் என்ன வேலை? முதல் வரிசையில் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு உட்கார்ந்து, வந்தவர்களோடு சேர்ந்து சாப்பிட்டுவிட்டு வரலாம். அதுவும் பிரிட்டோ சொல்கிற மாதிரி நடந்தால், முதல் வரிசைகூடக் கிடையாது. வாட்ஸ்அப்பில் போட்டோ வரும்.

சரி, போனிலாவது கேட்போம் என்று ஒருமுறை முயன்று பார்த்தாள். பெண்ணுக்கு அப்பா இல்லை. அம்மா லொரேதானா திரையில் வந்தார். பிரிட்டோ நடுவில் உட்கார்ந்து மொழிபெயர்த்தான். அந்தோணி மேரி தன் குடும்பம், வீடு வாசல், பிள்ளையை வளர்த்த விதம், வருகிற பெண்ணைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொள்ளப் போவது எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னாள். பிரிட்டோ இத்தாலியனில் ஏதோ முணுக்கென்று சொன்னான். லொரேதானா சிரித்துத் தலையசைத்தார்.

"இன்னாடா சொன்ன?"

"நீங்க நல்லாருக்கீங்களான்னு எங்கம்மா கேக்குறாங்கன்னு சொன்னன்மா."

அவ்வளவுதான். அவனைச் சொல்லியும் குற்றமில்லை. மாப்பிள்ளையே தனக்குப் பெண் கேட்டால் அவனுக்கும் வெட்கமாகத்தானே இருக்கும்? வேறு யாரையாவது தரகராக வைக்கலாம் என்றால், வில்லியனூர் கொம்யூன் பஞ்சாயத்தில் இத்தாலியன் தெரிந்த தரகருக்கு எங்கே போவது?

"நானே கத்துக்கிறன்" என்றாள் அந்தோணி மேரி.

தனிஸ்லாஸுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "இங்கிலீசு பரிச்சைக்குப் பயந்து ஜுரம் வந்து படுத்தவ நீ. உங்கப்பாவே சொல்லியிருக்காரு."

"இங்கிலீசுல நான் யாரையும் பொண்ணு கேக்கப் போறதில்ல" என்றாள் அவள்.

முதலில் போனில் ஓர் இலவச ஆப்பை இறக்கினாள். அது தினமும் பாடம் சொல்லிக்கொடுத்தது. தப்பாகச் சொன்னால் டொங்கென்று சத்தம் போட்டது. ஒரு காதில் இயர்போனைச் செருகிக்கொண்டு மெஷினை மிதித்தபடி திருப்பித் திருப்பிச் சொல்வாள். மனிதன் ஆப்பிள் சாப்பிடுகிறான். என் மாமாவிடம் கறுப்புப் பூனை இருக்கிறது. பெண்கள் பால் குடிக்கிறார்கள். எந்த ஊரில் யார் இப்படிப் பேசிக்கொள்கிறார்கள் என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது. மாமாவின் பூனையை வைத்துக்கொண்டு என்ன பெண் கேட்பது?

அளவு எடுக்க வந்த காசம்மாள் கையை விரித்து நின்றுகொண்டே கேட்டாள்: "இன்னாக்கா, தோள்பட்டைய அளந்துக்கினு இன்னாமோ மந்திரம் மாதிரி சொல்ற?"

"எண்ணிக்கை கத்துக்கிறன். பேசாம நில்லு. அளவு மாறிடப் போவுது."

மாறித்தான் போயிற்று. காசம்மாளின் ரவிக்கையை இரண்டு முறை பிரித்துத் தைக்க வேண்டியதாகிவிட்டது.

ஆப்பை விட்டு யூடியூபுக்குப் போனாள். அங்கே சில்வியா என்று ஒரு டீச்சர் அம்மா அகப்பட்டார். ஒல்லியான உடம்பு, பெரிய கண்ணாடி. ஒவ்வொரு சொல்லையும் குழந்தைக்குச் சோறு ஊட்டுவது போல நிதானமாகச் சொல்வார். எந்தப் பாடமானாலும் முடிக்கும்போது ஒரே புத்திமதிதான்: புரியாவிட்டால் தலையை ஆட்டாதே, எனக்குப் புரியவில்லை என்று சொல். இது அந்தோணி மேரிக்குச் சுருக்கென்று தைத்தது. ஏனென்றால் தலையாட்டுவதில் நம்மவர்களை மிஞ்ச ஆளில்லை. பேங்கில் ஆட்டுவோம், ஆஸ்பத்திரியில் ஆட்டுவோம், வெளியே வந்து "இன்னா சொன்னாரு?" என்று பக்கத்தில் நிற்பவரைக் கேட்போம்.

ஆனாலும் மொழி அவளுக்குப் பிடிபட்டது டீச்சராலும் அல்ல. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பிட்டுவிட்டுப் போனைத் தள்ளிக்கொண்டிருந்தபோது, இத்தாலியில் ஏதோ ஒரு சின்ன ஊர்க் கோவிலின் பூசை நேரலையாக ஓடியது. சாமியார் கையை விரித்தார், ஏதோ சொன்னார், சனங்கள் பதில் சொன்னார்கள். அந்தோணி மேரி நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவர் என்ன சொன்னார் என்று அவளுக்குத் தெரியும்! விவரம் தெரிந்த நாளிலிருந்து வாரம் தவறாமல் கேட்ட பூசை. எந்த இடத்தில் என்ன வரும் என்பது தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். இது மன்னிப்புக் கேட்கிற இடம். இது நன்றி சொல்கிற இடம். இது பரலோக மந்திரம். "எங்கள் அனுதின உணவை" என்பது இதோ இந்த வார்த்தை, ரொட்டி என்கிறார்கள். பூட்டியிருந்த அறைக்குள் பின்வாசல் வழியாகப் போய்விட்ட மாதிரி இருந்தது அவளுக்கு.

அன்று முதல் அந்தச் சின்ன ஊர்ச் சாமியார்தான் அவளுக்கு வாத்தியார். பிரசங்கத்தை நிறுத்தி நிறுத்திக் கேட்டாள். தமிழ்ப் பைபிளையும் இத்தாலிப் பைபிளையும் போனில் அடுத்தடுத்துத் திறந்து வைத்துக்கொண்டு, இயேசு விருந்துக்குப் போன கானாவூர்க் கல்யாணத்தை வரிவரியாகப் படித்தாள். கல்யாணம், மாப்பிள்ளை, தாய், விருந்து, எல்லாச் சொல்லும் அங்கேயே கிடைத்தன. பூனைக்கு இனி வேலை இல்லை.

இடையிடையே அந்த ஊர் வழக்கங்களையும் பார்த்து வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை மதியம் குடும்பமே கூடிச் சாப்பிடுவார்கள், அப்போது பேசினால்தான் எல்லோரும் இருப்பார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு பால் காப்பி குடிக்கமாட்டார்கள். அப்புறம் சாமந்திப்பூ. அந்த ஊரில் சாமந்தியைக் கல்லறைக்குத்தான் கொண்டுபோவார்களாம். ஒரு வீடியோவில் இதைக் கேட்டபோது அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

நல்லவேளை, கேட்டு வைத்திருந்தாள். பெண் கேட்கக் குறித்த ஞாயிறன்று தனிஸ்லாஸ் வில்லியனூர் மார்க்கெட்டிலிருந்து வாங்கி வந்தது பை நிறைய மஞ்சள் சாமந்தி.

"இத எடுத்துக்கினு போய் மாதா படத்துக்கு வெச்சுடுங்க. தட்டுல வாணாம்."

"பூவுல இன்னாடி இருக்குது? போன்ல வாசனையா வரப்போவுது?"

"கண்ணுக்குத் தெரியுமில்ல. எழவு வூட்டுக்கு வந்தவங்கன்னு நெனைப்பாங்க."

அவர் முணுமுணுத்துக்கொண்டே போய் மல்லிகை வாங்கி வந்தார். முணுமுணுப்பு முணுமுணுப்புதான், ஆனால் அவள் சொல்லாமலே வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மேசைமேல் போனை நிறுத்தி, எதிரில் தட்டை வைத்தார்கள்: பழம், சர்க்கரை, வெற்றிலை பாக்கு, மல்லிகை, அரக்கு நிறத்தில் ஒரு சேலை. பக்கத்தில் இரண்டு டம்ளர் காப்பி. பிரிட்டோவுக்குக் கண்டிப்பான உத்தரவு போயிருந்தது: நீ ஜூலியா வீட்டிலேயே இருக்கலாம், ஆனால் அவள் அம்மா பேசுகிற அறைக்குள் வரக்கூடாது.

மணி அடித்தது. லொரேதானா திரையில் வந்தார். கத்தரித்த நரைமுடி, நெற்றியில் ஏற்றிவிட்ட கண்ணாடி. பின்னால் சாப்பாட்டு மேசை, அதன் கோடியில் கழுத்தில் துணி கட்டிக்கொண்டு சூப் குடிக்கும் ஒரு கிழவர். அவர் லொரேதானாவின் அப்பா.

அந்தோணி மேரி நாள் கணக்காக உருப்போட்ட வணக்கம் எங்கேயோ ஓடிவிட்டது. வாயைத் திறந்தாள், அதுவாக வந்தது, ஞாயிறு தவறாமல் கேட்ட குரலில்:

"இல் சிஞோரே சியா கோன் வோய்."

ஆண்டவர் உங்களோடு இருப்பாராக! பூசையில் சாமியார் கையை விரித்துச் சொல்வது.

சூப் குடித்துக்கொண்டிருந்த கிழவர் கரண்டியை வைத்தார். "ஏ கோன் இல் துவோ ஸ்பிரித்தோ" என்றார். உம் ஆன்மாவோடும் இருப்பாராக. லொரேதானாவின் உதடுகளும் அதையே சொன்னதை அந்தோணி மேரி பார்த்தாள். பிறகு லொரேதானா சிரித்த சிரிப்பில் கண்ணாடி நெற்றியிலிருந்து மூக்குக்கு வந்துவிட்டது. "அப்பா கோவில் பக்கம் போயே எத்தனையோ வருஷமாகிறது" என்றார். இது அந்தோணி மேரிக்கு முழுதாகப் புரிந்தது. புரிந்த சந்தோஷத்தில் அவளும் சிரித்தாள். தனிஸ்லாஸ் எதற்கென்று தெரியாமலே சிரித்தார்.

சிரிப்போடு சிரிப்பாகக் கேட்டுவிட வேண்டும் என்று நினைத்தாள். தட்டை இரண்டு கையாலும் தூக்கித் திரைக்குக் காட்டினாள். நாங்கள் உங்கள் பெண்ணைக் கேட்க வந்திருக்கிறோம், எங்கள் மகனுக்கு அவளைக் கொடுங்கள் என்று, ஒரு சொல் தவறாமல், இத்தாலியனில் சொன்னாள்.

லொரேதானாவின் முகம் மாறியது. சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. "மியா ஃபில்யா நோன் சி தா" என்றார்.

என் பெண் கொடுக்கப்படுபவள் இல்லை.

அந்தோணி மேரியின் கையில் தட்டு கனத்தது. இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்? அவர்கள் தெருவில் ஒரு சம்பந்தம் முறிகிறது என்றால் இந்தச் சொல்லில்தான் முறியும்.

"இன்னா சொல்றாங்க?" என்றார் தனிஸ்லாஸ்.

"பொண்ணு குடுக்க மாட்டாங்களாம்."

தனிஸ்லாஸ் மெதுவாக எழுந்தார். பெண் இல்லை என்று சொன்ன வீட்டில் அதற்குமேல் உட்கார்ந்திருப்பது மரியாதை இல்லை. கை நனைக்காமல் எழுந்து, கும்பிட்டுவிட்டு, வந்துவிட வேண்டியதுதான். "வா மேரி. வெச்சுடு போன" என்றார். அவளும் தலையை ஆட்டினாள். சரி, புரிந்தது, போகிறோம் என்று திரையைப் பார்த்து ஆட்டினாள்.

ஆட்டும்போதுதான் உறைத்தது, எத்தனை பாடத்தில் கேட்டாகிவிட்டது சில்வியா டீச்சரின் அந்தப் புத்திமதியை! இவ்வளவு நாள் மெஷினை மிதித்துக்கொண்டு நாக்கைக் கடித்துக்கொண்டு படித்தது தலையாட்டிவிட்டு எழுந்து போவதற்கா? அவளுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது.

"நீங்க உக்காருங்க" என்றாள் கணவரிடம். திரைப் பக்கம் திரும்பினாள். "நோன் ஓ கபீத்தோ. பியானோ, பெர் ஃபவோரே." எனக்குப் புரியவில்லை. மெதுவாக, தயவுசெய்து.

லொரேதானா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். நிறுத்தி நிறுத்தி, இரண்டு கையாலும் காட்டிக் காட்டிச் சொன்னார். அவரும் இன்டர்நெட்டைப் பார்த்திருக்கிறார். இந்தியக் கல்யாணம் என்று தேடியிருக்கிறார். பெண்ணைக் கேட்காமலே கட்டிவைப்பார்கள் என்று இருந்ததாம். பெண்ணோடு பணமும் கேட்பார்கள் என்று இருந்ததாம். வந்தவள் தட்டை நீட்டிக் "கொடு" என்றதும் பயந்துவிட்டாராம்.

"நியென்தே! நியென்தே!" என்றாள் அந்தோணி மேரி, பதறிப்போய். ஒன்றும் வேண்டாம், ஒன்றுமே வேண்டாம்.

"இல்லை, அது இல்லை" என்றார் லொரேதானா. "ஜூலியா என்னுடைய பொருள் இல்லை. கொடுக்க என்னால் முடியாது. அவளைக் கேள்." பிறகு, கொஞ்சம் தயங்கி, மிக மெதுவாக இன்னொன்றும் கேட்டார். "உன்னைக் கேட்டார்களா? உன் கல்யாணத்தில்?"

ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. புரியாமல் இருந்திருக்கலாம் என்று தோன்றியது அவளுக்கு.

அவளைப் பெண் கேட்க வந்தபோது அவள் உள்ளே இருந்தாள். புதுச்சேரியில் ஒரு ரெடிமேட் கம்பெனியில் வேலைக்கு வரச்சொல்லியிருந்தார்கள். மறுவாரம் சேர வேண்டும். அதைப் பற்றி யோசித்துக்கொண்டே காப்பி ஆற்றிக்கொண்டிருந்தாள். முன்னறையில் தனிஸ்லாஸின் அம்மா கேட்ட குரல், அப்பா "குடுக்குறோம்" என்ற குரல். அவ்வளவுதான், முடிந்துவிட்டது. தனிஸ்லாஸ் நல்ல மனிதர். அவள் அழுதுகொண்டு வாழவில்லை. ஆனால் கேட்கவில்லை. யாரும் கேட்கவில்லை. இத்தனை வருஷத்தில், கேட்டார்களா என்றுகூட யாரும் கேட்கவில்லை. கடல் தாண்டி ஒருத்தி கேட்கிறாள், முகம் பார்த்து.

"நோ" என்றாள்.

"இன்னாத்துக்கு நோ சொல்ற?" என்றார் தனிஸ்லாஸ். "அது எனக்கே தெரியுது."

மழுப்பியிருக்கலாம். பிரிட்டோ மாதிரி, நல்லாருக்கியான்னு கேக்குறாங்க என்று சொல்லியிருக்கலாம்.

"நம்ம கல்யாணத்துல என்னக் கேட்டாங்களான்னு கேக்குறாங்க. இல்லன்னு சொன்னன்."

தனிஸ்லாஸ் ஏதோ சொல்ல வந்தார். "எங்கம்மா கேட்டாங்களே..." என்று தொடங்கி, யாரைக் கேட்டார்கள் என்பது நினைவுக்கு வந்து, நிறுத்திவிட்டார்.

அந்தோணி மேரி தட்டைக் கீழே வைத்தாள். "ஜூலியா?" என்று கூப்பிட்டாள்.

ஜூலியா வந்து அம்மாவை நகர்த்திவிட்டு உட்கார்ந்தாள். தூக்கிக் கட்டிய முடி, சட்டைக் கையில் மாவு. அடுப்படியில்தான் இருந்திருக்கிறாள், காதைத் தீட்டிக்கொண்டு. இவளிடம் கேட்பதற்கு அந்தோணி மேரி எதையும் படித்து வைக்கவில்லை. எந்தப் பூசையிலும் அது வராது. இருக்கிற சொற்களைப் பொறுக்கி அடுக்கினாள்.

"ஜூலியா. நீ. எங்கள் வீடு. எங்கள் பிரிட்டோ. நீ விரும்புகிறாயா?"

ஜூலியா உடனே சொல்லவில்லை. அந்தோணி மேரிக்கு அது பிடித்திருந்தது. பிறகு, "சீ" என்றாள். ஆம். முகமெல்லாம் சிவந்து சிரித்தாள். "ஆனால் முனிசிபாலிட்டியில் பதிவதற்கு முன்னால் உங்கள் வீட்டைப் பார்க்க வேண்டும். நானும் அம்மாவும் வருகிறோம். பார்த்துவிட்டு, உங்கள் கோவிலிலேயே நாள் வைத்துக்கொள்ளலாம். நீங்கள்தானே என்னைக் கேட்டீர்கள்?"

முதல் தடவையில் அந்தோணி மேரிக்குப் பாதிதான் புரிந்தது. ஜூலியாவைத் திருப்பிச் சொல்லச் சொன்னாள், அவளும் சொன்னாள். புரிந்ததும் கணவரின் கையைப் பிடித்து உலுக்கினாள்.

"பொண்ணு வூட்டுக்காரங்க மாப்பிள்ளை வூடு பாக்க வராங்களாம்!"

பெண் கொடுக்கச் சம்மதித்தவர்கள்தான் வீடு பார்க்க வருவார்கள், இந்த வழக்கம் தெரியாதவர் யார்? தனிஸ்லாஸுக்கு மொழிபெயர்ப்பே வேண்டியிருக்கவில்லை. திரையைப் பார்த்துக் கும்பிட்டார். கிழவர் கோடியிலிருந்து கையை உயர்த்தி என்னவோ கத்தினார். சாப்பிடச் சொல்கிறார் என்றார் லொரேதானா. அடைத்து வைத்த கதவுக்குப் பின்னாலிருந்து பிரிட்டோவின் குரல் "அம்மா, நான் வரலாமா?" என்றது.

"வா, வா. உன் வேலையெல்லாம் நாங்க முடிச்சிட்டோம்" என்றாள் அந்தோணி மேரி. தண்ணீராய் ஆறிப்போயிருந்த காப்பியை எடுத்துக் குடித்தாள். அவ்வளவு ருசியாகக் காப்பி குடித்து நாளாகியிருந்தது.

அழைப்பு முடிந்து திரை கறுத்தபோது வெளியே பொழுது சாய்ந்திருந்தது. அவள் சேலையை மடித்து வைத்தாள், பழங்களை எடுத்து வைத்தாள். தனிஸ்லாஸ் உதவிக்கு வராமல், சட்டையையும் கழற்றாமல், நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.

"மேரி."

"இன்னாங்க?"

"அப்ப உன்னக் கேட்டிருந்தா இன்னா சொல்லியிருப்ப?"

ஜூலியா மாதிரி சும்மா ஒரு "சீ" போட்டிருக்கலாம். அவர் முகம் அதைத்தான் எதிர்பார்த்தது. அவள் தட்டைத் துடைத்துக்கொண்டே யோசித்தாள். பொய் சொல்ல மனம் வரவில்லை.

"யோசிச்சு சொல்றன்னு சொல்லியிருப்பன்" என்றாள்.

தனிஸ்லாஸ் நாற்காலியை இழுத்து அவளுக்கு எதிரில் போட்டு, சட்டையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தார்.

"சரி, யோசி" என்றார். "நான் இங்கதான் உக்காந்திருக்கன்."